நாயை எடுத்துவிட்ட படம்

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரையும் ஆசீர்வாதம் செய்ததில்லை. கருமாதி அன்றைக்குத்தான் ஆரம்பித்தார்.

அன்று காலையில் அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தனார், கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து பெரிய படமொன்றைக் கொண்டுவந்து ஹாலில் கதிரை மேல் நிமிர்த்தி வைத்தார். சுற்றியிருந்த கடதாசியை உரித்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் முப்பது வருடம் ஹாட்வெயார் கடை நடத்தி, ஆணியும் சுண்ணாம்பும் நிறுத்துக் கொடுத்த மனிதர், கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் எங்கள் வீட்டுச் சுவரைக் காணோம். நீல ஆகாயமும் இரண்டு மேகமும் இருந்தன. வலது கை மட்டும் முழங்கால் உயரத்தில், உள்ளங்கை கீழே பார்த்தபடி, அந்தரத்தில் நின்றது. முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

அந்தக் கைக்குக் கீழே எங்கள் நாய் இருந்திருக்க வேண்டும். கொழுந்தனார் புதிதாகக் கெமரா வாங்கிய மாதம், கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்து நிறுத்திப் படம் எடுத்தார். அப்போது வீட்டு வாசல்படியில் நாயோடு உட்கார்ந்திருந்த அண்ணனையும் எடுத்தார். அந்தப் படத்தைத்தான் ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறார். நாயை மட்டும் காணவில்லை.

"நாய் எங்க?" என்று கேட்டேன்.

"என்னா அண்ணி நீங்க? மாலை போடுற படத்துல நாய வச்சா வர்ற சனம் என்னா நினைக்கும்? எடுத்துடச் சொல்லிட்டேன்."

"கைய எடுக்கச் சொல்லலையா?"

"கைய எடுத்தா அண்ணே கையில்லாதவரு மாதிரி ஆயிடுவாரே!"

எவ்வளவு யோசனை பாருங்கள். பதினாறு நாள் விதவை சத்தம் போடக்கூடாதாம், அதனால் வாயை மூடிக்கொண்டேன். வந்த சனம் கொழுந்தனார் பயந்தபடி எதுவும் நினைக்கவில்லை. அதைவிட மேலாக ஒன்று நினைத்தது. தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு அத்தை படத்துக்கு முன்னால் நின்று, "ஐயோ, நம்மள எல்லாம் ஆசீர்வாதம் பண்ற மாதிரியே இருக்காரே!" என்று கண்ணைத் துடைத்தார். கை முழங்கால் உயரத்தில் இருந்ததால் நின்றபடி ஆசி வாங்க வசதிப்படவில்லை. ஆகவே குனிந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் குனிந்தார். சாயங்காலத்துக்குள், கடனுக்கு சிமெந்து கேட்டால் கடிக்க வரும் என் வீட்டுக்காரர் ஒரு ஊருக்கே குருசாமி ஆகிவிட்டார்.

கோட்டையும் மேகத்தையும்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்புதான் என்னைக் குடைந்தது. அவர் சிரிக்கிற ஜாதி இல்லை. இரண்டு இஞ்ச் ஆணி கேட்டு வந்தவனை, இரண்டரை இஞ்ச் ஏன் கேட்கவில்லை என்று முறைப்பார். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதும் யாரோ கடன் கேட்டதைப் போலத்தான் முகத்தை வைத்திருந்தார். ஆனால் நாயோடு இருந்தால் மட்டும் சந்தோஷமாக இருப்பார் என்று எல்லோரும் சொல்வார்கள். சந்தையில் குப்பை மேட்டுப் பக்கம் கிடந்த குட்டி அது. பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். தூக்கிக்கொண்டு வந்த அன்றிலிருந்து அவர் காலடியை விடவில்லை. கொழுந்தனார் எடுத்த அந்தப் படத்தை நான் ஒரே ஒரு தடவை, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அரை நிமிடம் பார்த்திருந்தேன். "வேலையில்லாத வேலை" என்று சொல்லிக் கடை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். நாயும் கையும் எனக்கு ஞாபகம் இருந்தன. முகம் ஞாபகம் இல்லை. ஸ்டூடியோப் படத்தைப் பார்த்ததும் நினைத்தேன்: ஓஹோ, அப்படியா சங்கதி? முப்பத்தொரு வருடம் சமைத்துப் போட்டவளுக்குக் காட்டாத பல்லை நாய்க்குக் காட்டியிருக்கிறாயா?

பொறாமைதான். நாயின் மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அவர் போனதும் அது இரண்டு நாள் சோறு தின்னாமல் வாசலில் கிடந்ததை ஊரே சொல்லிச் சொல்லி உருகியது. நானும் தின்னவில்லைதான். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் குசினியில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சும்மா அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கோட்டும் டையும் வந்தன. சே என்று தலையை உதறிவிட்டு மறுபடி நினைத்தேன். மேகம் வந்தது. கை வந்தது. அந்தச் சிரிப்பு வந்தது. கடையில் உட்கார்ந்திருந்த முகம், குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது இருந்த முகம், எதுவும் வரவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு அலுமாரிக்கு ஓடினேன். கல்யாணப் படத்தில் கண்டிக் குளிருக்குப் பூஞ்சணம் பிடித்து, மாப்பிள்ளையின் மூக்குக்கு மேலே ஒன்றும் இல்லை. அடையாள அட்டையை மரணப் பதிவுக்குக் கொடுத்தாகிவிட்டது. இவற்றையும் ஸ்டூடியோவுக்குப் போன வாசல்படிப் படத்தையும் தவிர அவர் படமே எடுத்துக்கொண்டதில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு வருடம் பார்த்த முகத்தை ஒரு ஸ்டூடியோக்காரனின் கோணங்கி இரண்டு மாதத்தில் தின்றுவிட்டதே! இன்னும் ஒரு வருடம் போனால் நான் யாரோடு வாழ்ந்தேன் என்று எனக்கே தெரியாது. கோட்டைக் கழற்றி, நாயைத் திரும்ப உட்காரவைத்து, மனிதரை மனிதராக நானே வரைந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு வரையத் தெரியாது என்பது ஒரு சின்ன இடைஞ்சல். பெயின்ட் என்றால் எங்கள் கடையில் டின்னில் வரும், சுவருக்கு அடிப்பார்கள், அவ்வளவுதான் தெரியும்.

கண்டியில் ஒரு தையல் கடைக்கு மேலே சனிக்கிழமைகளில் சித்திர வகுப்பு நடந்தது. நடத்தியவள் யாழ்ப்பாணத்துப் பெண், கண்டியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வயதில் பாதிகூட இருக்காது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவர்களோடு குட்டைக் கதிரையில் முழங்கால் தாடையில் இடிக்க நானும் உட்கார்ந்தேன்.

"என்ன கீற விருப்பம், அன்ரி?" என்று டீச்சர் கேட்டாள்.

"என் வீட்டுக்காரரையும் நாயையும். அச்சு அசல் அப்படியே இருக்கணும்."

"ஓம், கீறலாம். முதல்ல முட்டையைக் கீறுங்கோ."

மூன்று சனிக்கிழமை முட்டை வரைந்தேன். முட்டையில் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது, நிழலுக்குள்ளேயும் ஒரு சின்ன வெளிச்சம் எப்படி ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இத்தனை வருடமாக நான் முட்டையை உடைத்ததே தவிரப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு குடம். குடத்துக்குப் பிறகு கசங்கிய துணி. "தெரிஞ்சதைக் கீறாதேங்கோ அன்ரி, கண்ணுக்குத் தெரியிறதைக் கீறுங்கோ" என்பதுதான் அவளுடைய தேவாரம், திருவாசகம் எல்லாம். நாய்க்கு நாலு கால் என்று எனக்குத் தெரியும், அதனால் நாலையும் வரைந்தேன். உட்கார்ந்திருக்கும் நாய்க்கு முன்பக்கமிருந்து இரண்டரைக் கால்தான் தெரியும் என்று அவள் அழிரப்பரைக் கையில் தந்தாள். பக்கத்துக் கதிரைப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஆட்டுக்குட்டி நல்லா இருக்கு, அன்ரி" என்று பாராட்டியது.

வீட்டில் பழகலாம் என்றால் நாய் உட்காராது. மனிதர் போனதிலிருந்து அதற்குத் தெரு கேற்றடியில்தான் உத்தியோகம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கமிருந்து அவர் நடந்து வரும் நேரத்துக்கு எழுந்து நிற்கும். நான் பேக்கரிப் பான் துண்டைக் காட்டி வாசல்படிக்குக் கூப்பிட்டால், வந்து பானைத் தின்றுவிட்டு மறுபடி உத்தியோகத்துக்குப் போய்விடும். மாடல் இல்லாமல் வரைந்த நாயை, கோட்டில்லாத வீட்டுக்காரர் பக்கத்தில் வைத்து முதல் படத்தை ஒரு வழியாக முடித்தேன். கொழுந்தனார் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பைரவர் நல்லா வந்திருக்காரு, அண்ணி."

"அது உங்க அண்ணன்."

"அப்படியா?" என்று தலையைச் சொறிந்தார். ஆனாலும் நாய் பக்கத்தில் நிற்கிறதே, எதற்கு வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு செவ்வரத்தம்பூ மாலை வந்தது.

இது சரிப்படாது, கட்டம் போட்டு அளந்து வரைய வேண்டும், பெரிய படத்தைக் கொண்டுவாருங்கோ என்று டீச்சர் சொன்னாள். படத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் பேப்பர் கிழிந்து கை வெளியே வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் அதைப் பார்த்ததும் எழுந்து, சாமி படம் நிற்கக்கூடாது என்று இடம் கொடுத்தாள். மடியில் அவரை வைத்துக்கொண்டு நான் மகாராணியாகப் போனேன். வாழ்நாளில் அவரால் எனக்கு பஸ்ஸில் கிடைத்த ஒரே சீட் அதுதான்.

படத்தின் மேல் நூல் கட்டிக் கட்டம் பிரித்தோம். கடதாசியிலும் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன தெரிகிறதோ அதை மட்டும் வரைய வேண்டும். கை வந்தது. தோள் வந்தது. காது அச்சாக வந்தது. முகத்துக்குள் நுழைந்ததும்தான் தகராறு. கண்ணை அளந்து வரைந்தால் வாய் ஒட்டவில்லை, வாயை அளந்து வரைந்தால் கண் ஒட்டவில்லை. ஐந்து வாரம் அழித்தேன். கடதாசியில் ஓட்டையே விழுந்துவிட்டது.

டீச்சர் ஒரு நாள் படத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"பிழை உங்களிட்டை இல்லை அன்ரி, இந்தப் படத்திலதான் ஏதோ பிழை. ஒருத்தர் சிரிக்கேக்கை கன்னம் மேல ஏறும், கீழ் இமை சுருங்கும். இஞ்சை ஒண்டும் அசையேல்லை. வாய் மட்டும் தனியச் சிரிக்குது. வடிவாப் பாருங்கோ."

ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டால் வாயை மறைத்தாள்.

இரண்டு கண்களும் என்னைப் பார்த்து முறைத்தன. சோற்றுக்குள் கல் கிடந்தால் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தக் கண்! கடதாசியை எடுத்ததும் குருசாமி திரும்ப வந்துவிட்டார். மறுபடி மறைக்கச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் பென்சிலை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

படத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஸ்டூடியோவுக்கு நடந்தேன். முதலாளி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். இன்னொரு பிரதி எடுக்க வந்திருக்கிறேன் என்று எண்ணினார் போலும்.

"இந்த வாய் யாருடையது?" என்று கேட்டேன்.

"அது நம்ம வேலைதாம்மா," என்றார் பெருமையாக. "ஐயா முறைச்சிக்கிட்டு இருந்தாரு. மாலை போடுற படத்துல முறைச்சா நல்லாவா இருக்கும்? ரெண்டு பக்கமும் கொஞ்சம் தூக்கி விட்டேன். புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு இருந்துச்சி, அதையும் அழிச்சி விட்டேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"நாயைப் பாத்துச் சிரிக்கலையா அவரு?"

"சிரிப்பா? அது ஓடப் பாத்திருக்கும் போல. காதப் புடிச்சி இழுத்து வச்சிக்கிட்டு இருந்தாரு. விரலை நீட்டி விடுறதுக்குத்தாம்மா நான் பட்ட பாடு!"

"பழைய படம் எங்க?"

"வெட்டி ஒட்டித்தானேம்மா செஞ்சோம். அது போயிடுச்சி. நெகட்டிவும் தம்பிகிட்ட இல்லைன்னாரு."

தெருவுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மத்தியான வெயிலில் தலதா வீதியில் நின்று ஒரு பைத்தியக்காரியாகச் சிரித்தேன். எட்டு மாதமாக நான் பொறாமைப்பட்ட சிரிப்பு ஸ்டூடியோக்காரனுடையது! நாய்க்கும் கிடைக்கவில்லை. அது பாவம், காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் எனக்கு முதல்தடவையாகப் பாசம் வந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அது உறைத்தது. இனிப் பார்த்து வரைய ஒரு வாயும் இல்லை. மிச்சமிருந்தது என் தலைக்குள் இருக்கும் முகம் மட்டும்தான், அதன் மேலும் அந்தப் பாவி தூரிகையை வைத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவள் என் பென்சிலைச் சீவியபடியே கேட்டாள்:

"அவர் உங்களை என்னத்துக்குப் பேசுவார், அன்ரி?"

"எதுக்குத் திட்டமாட்டாருன்னு கேளு பிள்ளை."

"அப்ப வீட்டை போய் அதையெல்லாம் அவர் சொல்லுற மாதிரியே சொல்லிப் பாருங்கோ. முன்னால கண்ணாடியை வையுங்கோ."

பகல் பதினொரு மணிக்கு, கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து என்னை நானே திட்ட ஆரம்பித்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. "இந்தா, பைப்ப மூடத் தெரியாதா? மகாவலிய வீட்டுக்குள்ளயா விட்டிருக்க?" சரியாக வரவில்லை. "வெங்காயத்த இவ்வளவு தடிப்பா உரிச்சா உள்ளுக்க என்னாத்த மிஞ்சும்?" கொஞ்சம் வந்தது. "மழை வருதுன்னு தெரியுதுல்ல, குடை எங்க? நனைஞ்சிக் காய்ச்சல்ல கிட, அப்புறம் நான்தானே கஞ்சி வைக்கணும்!" அதைச் சொல்லும்போது என் இடது பக்க உதடு கீழே இறங்கியது. வலது பக்கம் அசையவில்லை. புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடு விழுந்தது, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன். எத்தனையோ வருடம் எதிரில் பார்த்த முறைப்பு என் முகத்துக்கே பழகியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஒரு தடவை அவர் கஞ்சி வைத்தது உண்மை. உப்புப் போட மறந்துவிட்டு, அதையும் நான்தான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும் என்று திட்டினார்.

நாய்க்கும் அதே வைத்தியம் பார்த்தேன். வாசலில் நின்று அவர் குரலில், "ஏய், எங்க ஓடுற? வந்து உக்காரு!" என்று ஒரு அதட்டு. கேற்றடியிலிருந்து துள்ளி எழுந்து, ஓடிவந்து, யாரையோ தேடி என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்தது. மடிந்த காதை மெதுவாகப் பிடித்தேன். விலகவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரு மணி நேரம் வரைந்தேன். இரண்டரைக் கால்தான் தெரிந்தது, இரண்டரைதான் வரைந்தேன்.

அதற்குப் பிறகு வர்ணம் தீட்ட மூன்று மாதம் ஆனது. கோட்டுக்குப் பதிலாக, பையில் பேனை கசிந்த கறையோடு அந்தச் சாம்பல் சட்டை. மேகத்துக்குப் பதிலாக எங்கள் வீட்டுப் பாசி பிடித்த சுவர். கழுத்துக்குக் கீழே நிழல் இன்னும் அழுக்காகத்தான் இருக்கிறது. ஒரு கண் மற்றதைவிடப் பெரிது. டீச்சர் அதைத் திருத்தலாம் என்றாள், நான்தான் விடவில்லை. இனித் தொட்டால் இதுவும் போய்விடும் என்று பயம்.

படம் காய்வதற்காக ஹாலில் கதிரை மேல் சாய்த்து வைத்திருந்தேன். அண்ணன் போனபின் கடையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தனார் வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டு, சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியபடி, சத்தமாகப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். பெயின்ட் கொம்பனிக்காரன் பழைய டின்களைத் தள்ளிவிட்டான் என்று ஏதோ கதை. ஹால் நடுவில் வந்ததும் பேச்சு நின்றது. ஐம்பது வயது மனிதர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இரண்டு கையாலும் சாரத்தைக் கணுக்கால் வரை இறக்கி விட்டார்.

பிறகு ஒரு அடி பின்னால் வைத்து, மெல்லிய குரலில், "என்னா அண்ணி... அண்ணே திட்டப் போறாரு போல இருக்கே," என்றார்.

"திட்டட்டும்," என்றேன். "ஒரு வருஷமாச்சி, என்னைய யாரும் திட்டி."

அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கருமாதிக்கு ஊரே பார்த்திருக்க வராத அழுகை. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாலும் அடங்கவில்லை. கொழுந்தனார் சாரத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். அவருடைய அண்ணன் மட்டும் நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, இப்போ எதுக்கு அழுகை என்று என்னை முறைத்தபடியே இருந்தார்.